ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபோன் எடுப்பது யார்?

"முன்னதாகத் துணை மேலாளர் அனைவரையும் வரவேற்றார். விழாவில் ஊழியர்கள் உள்படப் பலர் கலந்துகொண்டனர். முடிவில் கணக்காளர் நன்றி கூறினார்."

கடலூரில் ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வேலை பார்த்த காலத்தில், இந்த மூன்று வரிகளையும் வெட்டித் தள்ளுவதுதான் என் பிழைப்பில் பாதி. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் செய்திக் குறிப்புகள் வந்து குவியும். கல்லூரி, நகைக்கடை, ஆஸ்பத்திரி, சிப்காட் தொழிற்பேட்டைக் கம்பெனி, எங்கிருந்து வந்தாலும் அச்சு ஒன்றுதான். கூடவே ஒரு போட்டோ இருக்கும். ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று ஒரே கேடயத்தை ஆளுக்கொரு விரலால் தொட்டுக்கொண்டிருப்பார்கள். பக்கம் முடிக்கிற அவசரத்தில் மேலே இரண்டு வரி, கீழே இரண்டு வரி எடுத்துவிட்டால் மிஞ்சுவது பல நேரம் தேதியும் இடமும்தான். மறுநாள் காலையில் கம்பெனியின் பி.ஆர்.ஓ., அதாவது மக்கள் தொடர்பு அதிகாரி, ஃபோன் செய்வார். "சார், எம்.டி. பேருக்கு முன்னாடி இனிஷியல் விட்டுப்போச்சு சார்." அந்தச் செய்தியை யாராவது படித்தார்களா, படித்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இப்போது அந்தக் குறிப்புகளை எழுதிக் கொடுக்கிற ஆள் நானே. புதுச்சேரியில் இருந்துகொண்டு இந்தப் பக்கத்துச் சின்ன, நடுத்தர நிறுவனங்களுக்கு மக்கள் தொடர்பு வேலை செய்கிறேன். பார்க்க வருகிற முதலாளிகள் முதலில் கேட்பது இன்றும் அதேதான்: "பேப்பர்ல வருமா? எத்தனை பேப்பர்ல வரும்?" அவர்களைக் குறை சொல்ல முடியாது. பி.ஆர். என்றால் அதுதான் என்று பழக்கிவைத்தது எங்கள் ஆட்கள்தான். ஆனால் பேப்பரில் வருவது இந்த வேலையில் கடைசி வேலை. முதல் வேலை, ஊர் என்ன பேசுகிறது என்பதை முதலாளி காதில் கொண்டுபோய்ப் போடுவது. அதைக் கேட்டு அவர் எதையாவது மாற்றினால்தான் வெளியே சொல்ல நமக்குச் செய்தி என்று ஒன்று இருக்கும்.

தானே புயலை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2011 டிசம்பர் 30 காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கரண்ட் கம்பங்கள் போனதில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மெழுகுவத்தி, தண்ணீர் கேன், பால் எல்லாம் கேட்ட விலை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் செல்ஃபோன் சார்ஜ் போடக் காசு வாங்கினார்கள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மளிகைக்கடைக்காரர் மட்டும் மெழுகுவத்தியை அட்டையில் போட்ட விலைக்கே விற்றார். வீட்டுக்கு ஒரு பாக்கெட்தான், இரண்டாவது கேட்டால் கிடையாது. அந்தத் தெருவில் இன்றும் அந்தக் கடைக்கு ஒரு தனி மரியாதை உண்டு. பெரிய சூப்பர் மார்க்கெட் வந்த பிறகும் மாதச் சாமான் அங்கேதான் வாங்குவேன் என்று சொல்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அவருக்கு நல்ல மனசு, சரி. ஆனால் நான் கவனித்த விஷயம் வேறு. அவர் குடியிருந்தது கடை மாடியில். எந்தக் கடையில் மெழுகுவத்தி என்ன விலை, யார் யாரைத் திட்டுகிறார்கள் என்பது அவர் காதுக்குத் தானாக வந்தது. தொழில் பெருகுகிறபோது முதலில் அறுபடுவது இந்தக் காதுதான். கடை நாலாகும், முதலாளி வேறு நகருக்கு வீடு மாறுவார், கிளை மேலாளர் நல்ல செய்தியை மட்டும் மேலே சொல்வார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு குறை முதலாளிக்கு மட்டும் தெரியாமல் போகும். மாடியில் குடியிருக்கிற முதலாளிக்கு பி.ஆர்.ஓ. தேவையில்லை. மற்றவர்களுக்குத் தேவை.

கடலூர்ப் பக்கத்தைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு சிப்காட்டைத் தொடாமல் போக முடியாது. சிதம்பரம் சாலையில் பழைய நகரைத் தாண்டிப் போனவர்களுக்கு அந்த வாடை தெரியும். குடிகாடு, ஈச்சங்காடு, காரைக்காடு, சங்கொலிக்குப்பம் என்று தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் ஒருகட்டத்தில் தாங்களே வாடையைக் குறித்துவைக்க ஆரம்பித்தார்கள். என்ன தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், வாடை அழுகிய முட்டை மாதிரியா, நெயில் பாலிஷ் மாதிரியா, எந்த மதில் ஓரம் அதிகம் என்று எல்லாம் எழுதினார்கள். பக்கெட்டுக்குள் பையை வைத்துக் காற்றைப் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். 2004-இல் அதெல்லாம் அறிக்கையாக வெளிவந்தது. அதன் பிறகுதான் நாடு முழுக்கக் கடலூர் சிப்காட் என்ற பெயர் அடிபட்டது.

ஒரு மக்கள் தொடர்பு ஆளாக அந்தக் குறிப்பேடுகளைப் பற்றி யோசித்தால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்: இவ்வளவு சுத்தமான தகவலை எந்தக் கன்சல்டன்ட்டும் ஒரு கம்பெனிக்குத் தர முடியாது. எந்த நேரத்தில், எந்தக் காற்றில், எந்த மூலையில் கசிவு என்று வீட்டு வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தவர்கள் இலவசமாகச் சொல்லியிருப்பார்கள். சொல்ல முயற்சியும் செய்தார்கள். நான் நிருபர்களோடு அந்த ஊர்களுக்குப் போனபோது திரும்பத் திரும்பக் கேட்ட குறை ஒன்று உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு முட்டுகிறது என்று கேட்டில் போய் நின்றாலோ ஃபோன் போட்டாலோ பதில் சொல்வது வாட்ச்மேன். "ஐயா தூங்குறாருங்க, காலைல வந்து பாருங்க." காலையில் போனால் வாடை போயிருக்கும். "என்ன வாடை? எங்களுக்கு ஒண்ணும் வரலையே?"

அந்த வாட்ச்மேன்தான் அந்தக் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி. சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர் இல்லை. ராத்திரி ஃபோன் எடுக்க, என்ன நடக்கிறது என்று பிளான்ட்டுக்குள் கேட்டுச் சொல்ல, தேவைப்பட்டால் ஷிஃப்ட் இன்ஜினீயரை எழுப்ப அதிகாரம் உள்ள ஓர் ஆள் இருந்திருந்தால் பல சண்டைகள் கேட்டிலேயே முடிந்திருக்கும். கசிவே இல்லாமல் போயிருக்கும் என்று சொல்ல வரவில்லை. கசிவு இன்ஜினீயரிங் பிரச்சினை. அதை பி.ஆர். மூடிமறைக்கப் போனால் அது பி.ஆரே இல்லை, குற்றத்துக்குத் துணை.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். புதிய ஆலையோ விரிவாக்கமோ வந்தால் 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி பெரும்பாலான பெரிய திட்டங்களுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். ஆட்சியரோ அவர் அனுப்பும் அதிகாரியோ தலைமை வகிப்பார். குறைந்தது 30 நாள் முன்னதாகப் பத்திரிகையில் அறிவிப்பு வர வேண்டும், சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கையின் சுருக்கம் தமிழில் இருக்க வேண்டும். நடைமுறையில் என்ன நடக்கும்? வேனில் ஆட்களை ஏற்றிவந்து முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். டிஃபன் பொட்டலம் கைமாறும். பின்வரிசையில் ஊர்க்காரர்கள் எழுந்து சத்தம் போடுவார்கள், மைக் பிடுங்கப்படும், மறுநாள் தலைப்பு "கடும் எதிர்ப்பு, வாக்குவாதம்". ஊர் மக்களை முதன்முதலாகக் கருத்துக் கேட்புப் பந்தலில்தான் பார்க்கிறது ஒரு நிறுவனம் என்றால், அன்றைக்கு மேடையில் என்ன பேசினாலும் எடுபடாது. வருஷம் முழுக்கப் போய்ப் பேசியிருந்தால் அந்தக் கூட்டத்தில் எதிர்ப்பு இருந்தாலும் கேள்வி நியாயமாக வரும், பதிலும் கேட்கப்படும்.

சட்டப்படி சரி, ஆனால் ஊர் கண்ணில் தப்பு. இந்த இடைவெளிக்குக் கடலூர் மாவட்டத்திலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. 2023 ஜூலை கடைசியில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்ட என்.எல்.சி. இயந்திரங்கள் பச்சை நெல் நின்ற வயலுக்குள் இறங்கின. நிலம் பல வருஷம் முன்பே எடுக்கப்பட்டது, இழப்பீடு கொடுத்தாயிற்று, சாகுபடி செய்ய வேண்டாம் என்று சொல்லியிருந்தோம், சுரங்கம் நின்றால் மின்சாரம் நிற்கும் என்பது நிறுவனத்தின் தரப்பு. அதில் நியாயம் இருக்கலாம். ஆனால் அன்று முழுக்க டி.வி.யில் ஓடியது நிலப் பத்திரம் இல்லை, கதிர் வரப்போகிற நெல்லைப் புரட்டிப்போடுகிற பொக்லைன். சோறு தின்கிற யாரும் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு ஆவணம் எங்கே என்று கேட்க மாட்டார்கள். இரண்டு நாளில் நெய்வேலியில் போராட்டம் வன்முறையானது. சென்னை உயர் நீதிமன்றத்தில் அறுவடை வரை பொறுக்க முடியாதா என்ற கேள்வி எழுந்தது. கடைசியில் ஏக்கருக்கு 40,000 ரூபாய் பயிர் இழப்பீடு தரச் சொல்லி உத்தரவானது.

அந்த நிறுவனத்தில் மக்கள் தொடர்புத் துறை இல்லாமலா? இருக்கிறது. என் கேள்வி, இயந்திரம் கிளம்புகிற தேதியை முடிவு செய்த கூட்டத்தில் அந்தத் துறையில் இருந்து ஒருவராவது உட்கார்ந்திருந்தாரா என்பது. உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது. பொதுவாக எங்கள் ஆட்களை அப்படிப்பட்ட கூட்டங்களுக்குக் கூப்பிடுவதில்லை. முடிவெடுத்து, காரியம் முடிந்து, ஊர் கொதித்த பிறகு "ஒரு அறிக்கை போடுப்பா" என்று கூப்பிடுவார்கள்.

விபத்து நடந்தவுடன் தானே முன்வந்து சொல்வது என்கிற வழக்கத்துக்கு வயது நூறுக்கு மேல். 1906 அக்டோபர் 28 அன்று அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டியில் பென்சில்வேனியா ரயில்வே கம்பெனியின் ரயில் பாலத்திலிருந்து தண்ணீரில் விழுந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அதுவரை ரயில் கம்பெனிகள் விபத்து என்றால் கதவைச் சாத்திக்கொள்ளும். அந்தக் கம்பெனிக்கு வேலை பார்த்த ஐவி லீ என்ற முன்னாள் நிருபர், நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்ததோடு, நிருபர்களை இடத்துக்கே கூட்டிப்போனார். நியூயார்க் டைம்ஸ் அந்த அறிக்கையை அப்படியே அச்சிட்டது. செய்திக் குறிப்பு என்ற சங்கதி அங்கேதான் பிறந்தது என்பார்கள். பிறந்தது நல்ல நோக்கத்தில்தான். ஆனால் அதே லீ 1914-இல் கொலராடோவின் லட்லோவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் தாக்கப்பட்டுப் பெண்களும் குழந்தைகளும் செத்த பிறகு, சுரங்க முதலாளிகளான ராக்கஃபெல்லர் குடும்பத்துக்காக வெளியிட்ட பிரசுரங்களில் சங்கத் தலைவர்களின் சம்பளத்தைப் பல மடங்கு ஊதிக் காட்டினார். இந்தத் தொழிலின் இரண்டு முகங்களும் ஒரே ஆளிடம் இருந்ததால் எனக்கு அவரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

நம் ஊர்க் கதைக்கு வந்தால் மேகி. உத்தரப் பிரதேசத்தில் எடுத்த மாதிரியில் காரீயம் அதிகம் என்று 2015-இல் கிளம்பிய செய்தி, ஜூன் 5 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தடையில் போய் நின்றது. நெஸ்லே தன் பரிசோதனைகளில் குறையில்லை என்று உறுதியாக இருந்தது. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்தது, நவம்பரில் மேகி கடைக்குத் திரும்பியது. இடையில் முப்பதாயிரம் டன்னுக்கு மேல் அழிக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்து விவாதத்தில் ஜெயித்த கம்பெனி அது. ஆனால் ஆரம்ப நாட்களில் அவர்கள் பேசியது குறைவு, பேசியதும் ஆய்வுக்கூட மொழியில். பிள்ளைக்கு முந்தின நாள் ராத்திரி மேகி கிண்டிக் கொடுத்த அம்மாவுக்கு அந்த மொழியில் பதில் கிடையாது. 1982-இல் சிகாகோ பக்கம் யாரோ டைலனால் என்ற வலி மாத்திரையில் சயனைடு கலந்து ஏழு பேர் இறந்தபோது, அதை விற்ற ஜான்சன் அண்ட் ஜான்சன் மூன்று கோடிக்கும் மேற்பட்ட பாட்டில்களைத் திரும்ப எடுத்ததை எல்லா பி.ஆர். வகுப்பிலும் சொல்வார்கள். சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை. ஆனாலும் அதில் ஒரு விஷயம் பலருக்கு நினைவிருப்பதில்லை: அவர்கள் பிரித்தால் தெரிகிற மாதிரி மூன்று அடுக்கு சீல் போட்ட புதுப் பாட்டிலோடு திரும்பி வந்தார்கள். பாட்டில் மாறியது. வெறும் மன்னிப்பு வீடியோவோடு வரவில்லை.

பெரிய கம்பெனிகளுக்குத்தான் இதெல்லாம் என்று தோன்றலாம். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட ஒரு பள்ளி மாணவி இறந்தார். மாநிலம் முழுக்க உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கடை கடையாக இறங்கினார்கள். புதுச்சேரியில் ஷவர்மாக் கடை வைத்திருந்த ஒரு பாய், தப்பே செய்யாதவர், என்னிடம் வந்தார். கடை ஈயடித்தது. "தம்பி, நம்ம கடை சுத்தம்னு ஒரு ரீல்ஸ் போட்டுடலாமா? அந்த யூடியூப் பையன் பதினஞ்சாயிரம் கேக்குறான்." வேண்டாம் பாய் என்றேன். வாங்க, கடையில் கொஞ்ச நேரம் சும்மா உட்காருவோம் என்று போய் உட்கார்ந்தோம். வருகிறவர்கள் வாசலில் நின்று எதைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் கவனித்தோம். எல்லோர் கண்ணும் கறி சுற்றுகிற கம்பியில். இது எப்போது வந்த கறி என்பதுதான் அவர்கள் மனதில் இருந்த ஒரே கேள்வி, யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. அப்புறம் பாய் செய்தது இவ்வளவுதான்: கறி வாங்கிய அன்றைய பில்லைக் கல்லாவுக்கு மேலே ஒட்டினார், ஒரு கம்பிக்கு மேல் அன்றைக்குக் கிடையாது என்று நிறுத்தினார், வீட்டில் செய்த மயோனைஸை விட்டுவிட்டு பாக்கெட்டுக்கு மாறினார். வியாபாரம் ஒரே நாளில் திரும்பவில்லை. ஒன்பது மணிக்கே தீர்ந்துபோகிற கடை என்ற பேச்சு மெதுவாகக் கிளம்பியது. பதினைந்தாயிரம் மிச்சம். என் ஃபீஸாக ஒரு பிளேட் ஷவர்மா.

சி.எஸ்.ஆர்., அதாவது நிறுவனங்களின் சமூகப் பொறுப்புச் செலவு பற்றி நீளமாகச் சொல்லப்போவதில்லை. 500 கோடி நிகர மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், 5 கோடி நிகர லாபம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால், முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொல்கிறது. அந்தக் காசில் நல்ல காரியங்கள் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் நிலத்தடி நீரைப் பற்றிப் புகார் இருக்கிற ஊரில் போய்க் கம்பெனிப் பெயரைப் பெரிதாக எழுதிக் குடிநீர் எந்திரம் வைத்தால் ஊர் என்ன சொல்லும்? ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: "தண்ணியைக் கெடுத்துட்டு தண்ணி மிஷின் குடுக்குறாங்க, அதுக்கு ரிப்பன் வேற." புகார் சரியோ தப்போ, அந்த வாக்கியம் திறப்பு விழாவுக்கு முன்பே அந்த நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். விழா போட்டோ எல்லாப் பேப்பரிலும் வந்தது.

விளம்பரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது: விளம்பரம் நீங்கள் உங்களைப் பற்றிச் சொல்வது, காசு கொடுத்தால் சொன்னபடி வரும். செய்தி அடுத்தவர் உங்களைப் பற்றிச் சொல்வது. அதற்குக் காசு கொடுக்க ஆரம்பித்தால் அதுவும் விளம்பரமாகிவிடும், அதுவும் மோசமான விளம்பரம். பிரஸ் மீட்டில் கவர் கொடுக்கிற பழக்கத்தை நான் எந்த வாடிக்கையாளருக்கும் செய்து தருவதில்லை. யோக்கியன் வேஷமில்லை. கவர் வாங்கி நல்லதாக எழுதியவர், கெட்டது நடக்கும் நாளில் இன்னும் பெரிய கவர் எதிர்பார்ப்பார் என்பது எனக்கு உள்ளேயிருந்து தெரியும். அதைவிட, நிருபர் கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் திரும்பக் கூப்பிடுகிற பி.ஆர்.ஓ.வுக்கு மதிப்பு அதிகம். "தெரியல சார், ஏழு மணிக்குள்ள கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, ஆறரைக்கே சொல்லிவிட்டால் அந்த நிருபர் உங்கள் தரப்பு இல்லாமல் அடுத்த செய்தியை அனுப்ப மாட்டார்.

சரி, இதற்கெல்லாம் யாரை வைப்பது? ஆங்கிலம் சரளமாகப் பேசுகிற எம்.பி.ஏ. பிள்ளையை வெளியூரிலிருந்து கொண்டுவந்து உட்காரவைப்பதைத்தான் பல இடங்களில் பார்க்கிறேன். என் யோசனை வேறு. சுற்றியுள்ள ஊரிலேயே பத்திருபது வருஷம் இருந்த ஆளை வையுங்கள். மகளிர் குழுவை நடத்திப் பழகிய ஒரு பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. எந்த வீட்டில் யாருக்கு என்ன கோபம் என்று அவருக்குத் தெரியும், அவர் சொன்னால் ஊரும் கேட்கும். செய்திக் குறிப்பு எழுதுவதை ஒரு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். அவருக்கு இரண்டு விஷயம் மட்டும் எழுத்தில் கொடுங்கள்: மாதம் ஒரு முறை முதலாளியை நேராகப் பார்க்கிற உரிமை, கெட்ட செய்தி சொன்னதற்காக வேலை போகாது என்கிற உறுதி.

இந்த இரண்டாவதைக் கேட்டதும்தான் பெரும்பாலான முதலாளிகள் பேச்சை மாற்றுகிறார்கள். போன மாதம் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி ஏற்றுமதியாளர் ஒருவர், "அதெல்லாம் சரி தம்பி, இதனால என் விற்பனை எவ்வளவு கூடும்?" என்று கேட்டார். கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது அண்ணே என்றேன். பதிலுக்கு நான் ஒன்று கேட்டேன்: உங்கள் ஆலைப் புகை பற்றிப் பக்கத்துத் தெருவில் புகார் இருக்கிறதே, உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றார். மேலாளரைக் கூப்பிட்டார். மேலாளருக்குத் தெரிந்திருந்தது, எட்டு மாதமாக.